உடல் ஓர் அமானிதம்: நீரிழிவை நேரத்தில் அறிவோம்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அன்புத் தோழர் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் ஒருமுறை நோயுற்றுப் படுத்திருந்தார்கள். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் நேரில் சென்று நலம் விசாரித்தார்கள். தோழரின் மார்பின் மீது தம் திருக்கரத்தை வைத்தார்கள். அக்கரத்தின் குளிர்ச்சியைத் தம் நெஞ்சுக்குள் உணர்ந்ததாக ஸஅது (ரலி) அவர்களே பின்னர் அறிவித்துள்ளார்கள். நோய் இதயத்தில் இருக்கிறது என்று நபிகளார் கூறினார்கள். ஸகீஃப் குலத்தவரான ஹாரிஸ் இப்னு கலதா மருத்துவம் அறிந்தவர், அவரிடம் செல்க என்றும் பணித்தார்கள். அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

சற்றே நின்று சிந்தியுங்கள். அகிலத்தின் அருட்கொடையாக வந்த நபிகளார் அங்கே துஆவோடு மட்டும் நின்றுவிடவில்லை. முதலில் நோயாளியைத் தேடிச் சென்றார்கள். அடுத்து நோய் இன்னதென்று கண்டு சொன்னார்கள். அதன்பின் அறிந்தவரிடம் அனுப்பினார்கள். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்தைத் தேடுவது ஊர் தெரியாமல் வண்டி ஏறுவதற்கு ஒப்பானது. இந்த ஒழுங்கை மறந்தோமாயின், கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் விலையாகக் கேட்கும் ஒரு நோய் இன்று நம் வீடுகளில் குடியேறியிருக்கிறது. அதுவே நீரிழிவு. பேச்சு வழக்கில் சர்க்கரை வியாதி. இன்னும் சுருக்கமாக ‘சுகர்’.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் என்றும், அவர்களின் தொகை ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் என்றும் அது தெரிவித்தது. மேலும் 15.3 விழுக்காட்டினர் நோயின் வாசற்படியில் நிற்கின்றனர். பன்னாட்டு நீரிழிவுச் சம்மேளனம் 2025-இல் வெளியிட்ட கணக்கு இதனினும் கவலை தருவது. உலகில் இந்நோயோடு வாழ்வோரில் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்! நோய் வருவது இறைவனின் சோதனை. வந்திருப்பதை அறியாமலே காலம் கழிப்பதோ பெரும்பாலும் நாமே தேடிக்கொள்வது.

வெயிலின் மீது பழி

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வாழும் நம் சகோதர சகோதரிகளுக்கு இந்நோயை அறிந்துகொள்வதில் தனியானதோர் இடர்ப்பாடு உண்டு. கரிசல் மண்ணும் வறண்ட வானமும் கொண்ட பூமி இது. மழை குறைவு, வெயில் மிகுதி என்பதனால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே தொழிலாக வேரூன்றின. அந்த வெயிலே இன்று நோய்க்கு ஒரு திரையாகவும் அமைந்துவிட்டது.

பட்டாசுத் தொழிற்சாலையில் திரி செருகும் வேலை பார்க்கும் ஒரு சகோதரரை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். எத்தனை உருப்படி முடித்தாரோ அத்தனைக்குத்தான் கூலி. காலையில் அமர்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அடிக்கடி தாகம் எடுக்கிறது, வெயில் என்கிறார். மாலையில் உடல் துவண்டு போகிறது; வேலை என்கிறார். சட்டை தொளதொளத்துப் போகிறது. உழைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்கிறார். எழுத்து மங்கலாகத் தெரிகிறது. நாற்பதைக் கடந்துவிட்டோமே என்கிறார். தோலில் அரிப்பு, மருந்துத் தூள் பட்டது என்கிறார். கால் எரிகிறது, நாள் முழுதும் மடக்கி உட்கார்ந்ததால் என்கிறார். ஒவ்வொரு சமாதானமும் தனித்தனியே பார்த்தால் பொருத்தமானதுதான். எல்லாம் ஒன்றுசேர்ந்து நோயை மூடி மறைக்கின்றன. அச்சகத்தில் நிற்பவருக்கும் கடையில் அமர்ந்திருப்பவருக்கும் அடுப்பங்கரையில் வேகும் நம் தாய்மார்களுக்கும் இதே கதைதான்.

வெயிலின் தாகத்தையும் நோயின் தாகத்தையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. வெயிலில் வியர்த்து நீர் வற்றினால் தாகம் எடுக்கும். ஆனால் சிறுநீர் குறையும், நிறம் அடர்ந்து மஞ்சளாகும். நீரிழிவிலோ தாகமும் மிகும், சிறுநீரும் மிகும்; நிறம் வெளிறியிருக்கும். காரணம் இதுதான். நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் அணுக்களுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். அது குறைந்தாலோ, சரிவர வேலை செய்யாவிட்டாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த இயலாது, சிறுநீரில் வழிந்தோடும். போகும்போது உடலின் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவேதான் தாகம். மார்கழிப் பனியிலும், மழை பெய்த இரவிலும் தொண்டை வறண்டு செம்பு செம்பாக நீர் கேட்குமானால், அது வெயிலின் தாகம் அன்று.

உளூ சொல்லும் செய்தி

ஐவேளைத் தொழுகையைப் பேணும் முஸ்லிமுக்கு இந்நோயை முற்கூட்டியே உணர்ந்துகொள்ளும் வாய்ப்பு மற்றவரினும் அதிகம். தம் உடலின் கணக்கை நாளொன்றுக்கு ஐந்து முறை பார்ப்பவர் அல்லவா அவர்! மஃரிபுக்குச் செய்த உளூ முன்பெல்லாம் இஷா வரையில் நின்றது. இப்பொழுது இடையிலேயே சிறுநீர் கழிக்கச் செல்ல வேண்டியிருக்கிறது. ஜும்ஆ குத்பா முடியும் வரை அமர்ந்திருக்க இயலாமல் பின்வரிசையைத் தேடுகிறார். இரவில் இருமுறை, மும்முறை உறக்கம் கலைகிறது; தஹஜ்ஜத்துக்காக அன்று, கழிப்பறைக்காக. இந்த மாற்றத்தை முதுமையின் மீது சுமத்திவிட்டு வாளாவிருந்துவிடாதீர்கள். உங்கள் உளூ உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது.

வேறு அறிகுறிகளும் உள்ளன. நன்றாக உண்டும் எடை குறைதல், உண்ட சிறிது நேரத்திலேயே மீண்டும் பசி, காரணமில்லாத அயர்ச்சி, பார்வை ஒரு நாள் தெளிந்தும் ஒரு நாள் மங்கியும் இருத்தல், சிறு காயமும் வாரக்கணக்கில் ஆறாமை, உடலில் மாறி மாறிக் கட்டிகள், ஈறு வீங்கிப் பல் ஆடுதல், மறைவிடங்களில் அரிப்பும் வெண்படையும். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்துப் பட்டுப்போல் ஆகுமானால், அதை அழுக்கென்று தேய்க்க வேண்டா. இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். நாட்பட்ட இருமலுக்காகக் காசநோய்ச் சோதனை செய்துகொள்வோர் உடன் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நலம். இவ்விரு நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பவை.

பாதங்களைப் பாருங்கள்

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதுபடும். பெரும்பாலும் பாதங்களில்தான் அது தொடங்கும். முதலில் எறும்பு ஊர்வது போலிருக்கும், பிறகு எரிச்சல், பிறகு மரமரப்பு, கடைசியில் ஒன்றுமே தெரியாத நிலை. எரிச்சல் நின்றுவிட்டதே, குணமாகிவிட்டது என்று மகிழ்பவரும் உண்டு. உணர்வே செத்துப்போனதை அவர் அறியார்.

வெடிமருந்தில் உராய்வு கூடாதென்ற அச்சத்தால் வெறுங்காலுடன் வேலை செய்வோர் நிறைந்த ஊர்கள் இவை. கோடையில் தகிக்கும் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரும் துள்ளி ஓடுகையில், ஒருவர் மட்டும் அமைதியாக நடந்து வருகிறார். அது பொறுமை அன்று; அவருடைய பாதங்களை மருத்துவர் பார்த்தாக வேண்டும். உணர்வற்ற காலில் முள் தைத்தாலும் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. புண் புரையோடி, எலும்பு வரை சென்றபின் விரலையோ காலையோ எடுப்பதைத் தவிர வழியில்லாமற் போகும். இத்துயரம் பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதுதான் நெஞ்சை வருத்துவது.

இங்கும் உளூவே நமக்குத் துணை. உளூவில் குதிகாலை நனையாமல் விடுவோரை நபிகளார் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். கால்விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவதும் அவர்கள் காட்டித் தந்த வழி. அப்படிக் கழுவும்போதே கண்ணாலும் பார்த்துவிடுங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், விரலிடுக்கில் புண் ஏதேனும் உண்டா? பார்த்தபின் விரலிடுக்குகளை உலரத் துடைத்துவிடுங்கள். குனிய இயலாத முதியவர்களுக்கு மகனோ மருமகளோ பேரனோ இதைச் செய்யலாம். பெற்றோரின் பாதத்தைப் பார்ப்பது எத்துணைப் பெரிய பாக்கியம்!

திரி எரிவது தெரியாது

இதுவரை சொன்ன அடையாளங்கள் ஒன்றும் எனக்கில்லை என்று நிம்மதி கொள்பவரும் உண்டு. அவருக்கும் ஒரு சொல். நடுவயதில் வரும் நீரிழிவு பலரிடம் ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும். பட்டாசின் திரி எரிவது கண்ணுக்குத் தெரியும், விலகி நிற்கலாம். இந்நோயின் திரி ஓசையின்றி உள்ளே எரிகிறது. மாரடைப்புக்கோ கண்புரைக்கோ மருத்துவமனைக்குச் சென்ற இடத்தில்தான் பலருக்கு இது முதன்முதலில் தெரியவருகிறது. ஆகவே அறிகுறியை எதிர்பார்த்துக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். பெற்றோருக்கு நோய் இருந்தாலும், உடல் பருத்திருந்தாலும், இரத்த அழுத்தம் இருந்தாலும் அந்த வயது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் அதுவும் ஓர் எச்சரிக்கையே.

நான் இனிப்பே தொடுவதில்லை, எனக்கு எப்படி வரும் என்று கேட்பார்கள். சோறும் புரோட்டாவும் உடலுக்குள் சென்றால் சர்க்கரைதான். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவும் சாத்தூர்ச் சேவும் நாவுக்கு உகந்தவை என்பதில் ஐயமில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தைத் திருமறை நமக்கு உணர்த்தியிருப்பதை இலையின் முன்னே அமரும்போது நினைவிற்கொள்வோம்.

தாய்மாரும் பிள்ளைகளும்

கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவு ஒன்று உண்டு. தாய்க்கு எந்தத் தொல்லையும் தெரியாது, வயிற்றிலுள்ள குழந்தையோ அளவுக்கு மீறிப் பருக்கும், பிரசவம் கடினமாகும். 75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனம் தேவை. கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் இச்சோதனை வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2007-ஆம் ஆண்டிலேயே முடிவெடுத்தது. சென்னை மருத்துவர் வீ. சேஷையா அவர்களின் நெடுநாள் முயற்சியின் கனி அது. குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், அதோடு மறந்துவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறோம். பிரசவமான ஆறு வாரம் கழித்து ஒருமுறையும், பின் ஆண்டுதோறும் அத்தாய் சோதித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவருக்கு மிக அதிகம்.

பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு வேறு வகை, அது காத்திருக்காது. படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மீண்டும் நனைக்கிறதா? ஓயாமல் தண்ணீர் கேட்கிறதா? சில வாரங்களிலேயே மெலிந்துவிட்டதா? கூடவே வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, மூச்சில் பழவாடை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஓதிப் பார்ப்பதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே நடக்கட்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இத்தகைய பிள்ளைகள் பிழைப்பது அரிது. இன்று அவர்கள் படித்து, மணந்து, பேரப்பிள்ளைகளையும் காணலாம். நோயை நேரத்தில் கண்டால்.

சோதனை எவ்வாறு?

மருத்துவ மேதை இப்னு சீனா (980-1037) தம் ‘அல்கானூன்’ நூலில் இந்நோயாளியின் சிறுநீர் இனிப்பதையும், உடலுறுப்பு அழுகுவதையும் குறித்துவைத்தார். பக்தாதின் அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162-1231) இந்நோய்க்கென்றே தனி நூல் ஒன்று எழுதினார். அந்நாளில் மருத்துவர்கள் சிறுநீரைச் சுவைத்தும் நோயறிந்தார்கள். இன்றோ ஒரு துளி இரத்தம் போதும். நம் தமிழகத்திலும் இத்துறைக்கு நெடிய வரலாறு உண்டு. பேராசிரியர் மு. விசுவநாதன் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே நிறுவினார்.

இரவு உண்டபின் எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருந்து காலையில் எடுப்பது முதற் சோதனை. வெறும் தண்ணீர் பருகலாம். ஃபஜ்ருத் தொழுகை முடித்து நேரே சென்றால் நாளின் வேலையும் கெடாது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் இயல்பு; 126-ஐ எட்டினால் நீரிழிவு. குளுக்கோசு குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது அடுத்தது. 140-க்குக் கீழ் இயல்பு. 200-ஐ எட்டினால் நோய். எச்.பி.ஏ.ஒன்.சி. என்னும் சோதனை கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும். 5.7-க்குக் கீழ் இயல்பு; 6.5-ஐ எட்டினால் நோய். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது பிழையாகக் காட்டக்கூடும். ஆதலால் இரத்தசோகை உள்ள தாய்மார்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாகம் முதலிய அறிகுறிகள் தெளிவாக இருந்து, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200-ஐ எட்டுமானால் அதுவும் நீரிழிவே.

விரல் நுனியில் குத்திப் பார்ப்பது வாசலைத் தட்டிப் பார்ப்பது போன்றது. அதில் மிகுதி தெரிந்தால், நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அறிகுறி இல்லாதவருக்கு ஒரு முறை மிகுந்திருந்தால் மறுமுறையும் பார்த்தபின்னரே மருத்துவர் முடிவு சொல்வார். ஆகவே ஒரு சீட்டைக் கண்டு அஞ்சவும் வேண்டா, கிழித்தெறியவும் வேண்டா.

இயல்புக்கும் நோய்க்கும் நடுவே இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதே இல்லை. அத்தகைய 531 பேரை வைத்து மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன என்று அது காட்டிற்று. பள்ளிவாசலுக்கு வாகனத்தில் செல்பவர் நடந்து செல்லத் தொடங்கினால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மையும் உண்டு, நலமும் உண்டு.

எங்கே செல்வது?

தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து மருந்தளிக்கும் முன்னோடிப் பணி 2007-இல் தொடங்கிற்று. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு மாவட்டங்களில் ஒன்று விருதுநகர், மற்றொன்று சிவகங்கை. அங்கே பெற்ற பட்டறிவைக் கொண்டே 2012 முதல் நீரிழிவுச் சோதனையும் சேர்த்துத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. மாநிலத்துக்கு வழிகாட்டிய மண்ணில் வாழும் நாம் நம் இரத்தத்தைச் சோதிக்கத் தயங்கலாமா?

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளருக்குச் சிவகாசியில் தனி மருத்துவமனை உண்டு. வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது. அத்தகைய பணியாளர் கதவைத் தட்டும்போது, வீட்டில் ஆண்கள் இல்லை, நாளை வாருங்கள் என்று தாய்மார்கள் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வருபவரும் ஒரு சகோதரிதான். அவர் கேட்பது ஒரு துளி இரத்தம். தருவது ஓர் ஆயுளுக்கான எச்சரிக்கை.

நம் தயக்கங்கள்

எல்லாம் தக்தீர், வருவது வரும் என்பவர் உண்டு. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குச் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் இறைவிதிப்படியே மேய்க்கிறோம் அல்லவா என்றும் கேட்டார்கள். வறண்ட பூமியில் வாழும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. நோய் தக்தீர் என்றால் மருந்தும் தக்தீரே.

வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராதே என்று மறைப்பவர் உண்டு. மறைத்த நோய் மறைவதில்லை. மணமான பின் கருவுறும் காலத்தில் இருமடங்காக வெளிப்படும். அறிந்து அடக்கியாளப்படும் நீரிழிவு இல்வாழ்க்கைக்குத் தடையன்று. ஒரு நாள் கூலி போய்விடுமே என்பவர் உண்டு. உண்மைதான், அன்றாடங்காய்ச்சிக்கு ஒரு காலைப் பொழுதும் செல்வமே. ஆனால் காலை இழந்தபின் போவது ஒரு நாள் கூலியா? குடும்பத்தின் ஊன்றுகோல் அல்லவா சாய்கிறது!

கருஞ்சீரகமே போதும் என்பவரும் உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிகளார் (ஸல்) அவர்கள் நவின்றிருப்பதை நாம் நெஞ்சார ஏற்கிறோம். அதே நபிகளார்தாம் ஸஅது (ரலி) அவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். பாகற்காயோ, நாவற்கொட்டைப் பொடியோ, கருஞ்சீரகமோ எதை உட்கொண்டாலும் முதலில் சோதித்து அறியுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

பயணம் ஒன்றில் தலையில் காயமுற்ற ஒருவர், குளிப்பு கடமையானபோது தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தோரைக் கேட்டார். கூடாது என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தி கேட்டு நபிகளார் (ஸல்) அவர்கள் மிகவும் வருந்தினார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்ற பொருள்படக் கடிந்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. இரத்தச் சோதனை என்பது நம் உடலைப் பார்த்து நாம் கேட்கும் ஒரு கேள்வியே.

ரமலானுக்கு முன்

நோன்பு மாதத்தில் தாகமும் அயர்ச்சியும் எல்லோருக்கும் பொது. ஆகையால் நோயின் அறிகுறி அப்போது இன்னும் எளிதாக ஒளிந்துகொள்ளும். நோயாளிக்கும் பயணிக்கும் இறைவன் திருமறையில் சலுகை அளித்திருக்கிறான். நம்மை வருத்துவது அவன் விருப்பமன்று. ஆனால் தாம் நோயாளி என்பதை அறிந்தவர்தானே அச்சலுகையைப் பயன்படுத்த இயலும்? ஆகவே ரஜப், ஷஅபான் மாதங்களிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பவர்களில் பலர் மருத்துவரின் அறிவுரையோடு, மருந்தின் நேரத்தை மாற்றிக்கொண்டு நோன்பு நோற்கலாம். சிலர் நோற்கலாகாது. எவர் எவ்வகை என்பதை மருத்துவரிடமும், ஃபித்யா முதலியவற்றை ஆலிம்களிடமும் கேட்டறிக.

சோதிக்க விரல் நுனியில் குத்துவதால் நோன்பு முறியாது என்பதே இன்றைய மார்க்க அறிஞர்களின் பரவலான தீர்ப்பு. நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிடுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். உடல் நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் மஃரிபு வரை தாக்குப்பிடிப்போம் என்று வீம்பு கொள்ள வேண்டா. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாமென்று தடுத்தவனும் அதே இறைவன்தான்.

இந்த வெள்ளிக்கிழமை

உன் உடலுக்கு உன் மீது உரிமை உண்டு என்ற கருத்தை அண்ணலார் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு உணர்த்தினார்கள். இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த தோழரிடமே அப்படிச் சொன்னார்கள் என்றால், உடலை மறந்து பிழைப்பில் மூழ்கிய நம் நிலை என்ன? இவ்வுடல் நமக்குச் சொந்தமன்று. இறைவன் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைத் திருப்பித் தரும் நாளில், அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றா சொல்வது?

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், வீட்டில் 30 வயதைக் கடந்தோர் எத்தனை பேர், அவர்களில் இவ்வாண்டு சோதித்துக்கொண்டோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விடுபட்டவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் கையை நீட்டுங்கள். ஜமாஅத்தார் ஆண்டுக்கொருமுறை பள்ளிவாசல் வளாகத்தில் சோதனை முகாம் நடத்த முன்வரலாம். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்களையும் அழைக்கலாம். ஸஅது (ரலி) அவர்களின் மார்பில் வைக்கப்பட்ட அந்தக் கரத்தின் குளிர்ச்சி, நாம் அழைத்துச் செல்லும் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் சிறிதளவேனும் படரட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், நலமாயிருப்போருக்கு அந்நலத்தைப் பேணும் நல்லறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.